பக்கத்துக் கல்லூரியில் திறக்கிறதாம்

நேற்று ஆசிரியர்கள் குழுவில் நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். "பக்கத்துக் கல்லூரியில் திறக்கிற ஜர்னல் நம்மிடம் திறக்கவில்லை. நூலகர் என்னதான் செய்கிறார்?" கீழே முப்பது கட்டைவிரல்.

நூலகர் நான்தான். என்ன செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஜர்னல்கள். சந்தா ஒன்றுதான், வாசல் ஒன்றல்ல. வளாகத்துக்குள்ளிருந்து திறந்தால் நம் இணைய இணைப்புக்குரிய எண்ணான ஐபி முகவரியை வைத்துத்தான் இது இன்ன கல்லூரி என்று பதிப்பகத்தின் சர்வர் அறியும். போன மாதம் நம் இணைய இணைப்பை மாற்றினார்கள், முகவரியும் மாறிப்போனது. நூலகத்துக்கு ஒரு வார்த்தை சொன்னவர் இல்லை. அந்தக் கல்லூரி நூலகர் அக்காவைப் போனில் வைத்துக்கொண்டு, ஒரே கட்டுரையை இருவரும் திறந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். ஆக, அங்கே திறக்கிறது என்பது உங்களுக்கு முன்பே எனக்குத் தெரியும், ஐயா.

தயவுசெய்து எங்கிருந்து திறந்தீர்கள் என்று சொல்லுங்கள். "லிங்க் வேலை செய்யலை" என்பது புகாரே இல்லை. எந்தக் கட்டுரை, எத்தனை மணிக்கு, கல்லூரி வைஃபையா சொந்த டேட்டாவா, திரையில் என்ன வந்தது? குழுவில் போட்ட படத்தின் மூலையில் 5ஜி என்று பளிச்சென்று தெரிகிறது. வளாகத்துக்கு வெளியிலிருந்து படிப்பதற்கான இன்ஃபெட் கணக்கில் நுழையாமல் டேட்டாவில் போனால் பதிப்பகத்துக்கு நீங்கள் யாரோ வழிப்போக்கர். நம் இணைப்பு ஒழுங்காக இருந்திருந்தாலும் உங்களுக்குத் திறந்திருக்காது! அந்தக் கணக்கை வாங்கிக்கொள்ளச் சொல்லி மூன்று சுற்றறிக்கை விட்டாயிற்று.

இதெல்லாம் ஆசிரியருக்குத் தெரிய வேண்டுமா என்பீர்கள். கரண்ட் போனால் நம் வீட்டில் மட்டுமா, தெருவுக்கேவா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தானே போன் போடுகிறோம்? அவ்வளவுதான் கேட்கிறேன். சந்தா இல்லாமலே கட்டுரைகளைத் தரும் திருட்டுத் தளமான சை-ஹப்பில் நொடியில் கிடைத்ததே என்பவர்களிடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் பேச முடியாது.

2020 ஊரடங்கில் ஓர் ஆய்வு மாணவி இரவு பதினொரு மணிக்கு அழைத்தார். சிக்னலுக்காக மொட்டைமாடியில் நின்றுகொண்டு, "சார், நேத்து வந்துச்சு, இன்னைக்குக் காசு கேக்குது" என்றார். எங்கிருந்து, எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, முந்தின நாள் உள்ளே போனபோது நகலெடுத்து வைத்த லிங்க்கையே, புதிதாக உள்நுழையாமல், மறுபடி திறக்கிறார் என்று பிடிக்க ஒரு மணி நேரம். கட்டுரை கிடைத்தது. ஆய்வேடும் வந்தது. நன்றியுரையில் தட்டச்சு செய்தவர் பெயர்கூட இருந்தது. நூலகம் என்ற சொல் இல்லை. நான் தேடினேன் என்பதே வெட்கம்தான்.

சரி, புது ஐபி முகவரியைத் திங்களன்றே எழுதி அனுப்பிவிட்டேன். திறந்ததும் குழுவில் போடுகிறேன். எத்தனை கட்டைவிரல் வருகிறதென்று பார்ப்போம்.