ஊட்டித் தைலம் தடவினால் ஈறு இறங்காது

"முன்பல் இம்ப்ளான்ட்டில் ஈறு மேலேறிவிட்டதா? ஊட்டித் தைலம் இருவேளை தடவுங்கள், 15 நாளில் இறங்கிவிடும்" என்றொரு செய்தி குன்னூர், கோத்தகிரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தவறு. (இம்ப்ளான்ட் என்றால் தாடை எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல்; ஊட்டித் தைலம் என்றால் யூகலிப்டஸ் எண்ணெய்.)

ஈறு அடியிலுள்ள எலும்பைத்தான் பின்பற்றும். பல்லைப் பிடுங்கியதும் முன்பக்கத்து மெல்லிய எலும்புச் சுவர் கரைகிறது. ஈறும் கூடவே ஏறுகிறது. பற்களுக்கு நடுவே கூம்பாக நிற்கும் ஈறும் அப்படித்தான். இயற்கைப் பற்களை அளந்து டார்னோ என்ற ஈறு மருத்துவரின் குழுவினர் 1992-ல் ‘ஜர்னல் ஆஃப் பெரியோடான்டாலஜி’ இதழில் எழுதியதைத் தேடிப் பாருங்கள்: பற்கள் தொடும் இடத்திலிருந்து எலும்பு 5 மி.மீ. தொலைவில் இருந்தபோது அநேகமாக எல்லாப் பல்லிடுக்குகளும் ஈறால் நிரம்பியிருந்தன, 7 மி.மீ. ஆனதும் கால்வாசிதான். இம்ப்ளான்ட் என்றால் பக்கத்துப் பல்லின் எலும்புதான் கணக்கு. அதைத் தைலம் என்ன செய்யும்?

மேலண்ணத்துத் திசுவை எடுத்து ஒட்டுவது, தற்காலிகப் பல்லின் கழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி ஈறை வடிவுக்குக் கொண்டுவருவது என்று வழிகள் உண்டு. மாதக்கணக்கில் ஆகும். எல்லாருக்கும் முழுசாகத் திரும்பாது.

சளிக்கு ஆவி பிடிக்க எங்கள் வீட்டிலும் தைலம் உண்டு. ஆனால் வாய்க்குள் வேண்டாம். குழந்தைகள் சிறிதளவு விழுங்கினாலே வலிப்பு வரலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஈறு ஏறியிருந்தால், இம்ப்ளான்ட் வைத்த டாக்டரிடம் எக்ஸ்ரேயோடு கேளுங்கள்.