894.811

கிளை நூலகத்தில் எடுத்த குறுந்தொகை உரையின் முதுகில் 894.811 என்று சீட்டு ஒட்டியிருந்தது. வருஷக்கணக்காகப் பார்த்த எண்தான். அன்றைக்குத்தான் அது என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். மனசு ஆறவில்லை.

அமெரிக்க நூலகர் மெல்வில் டியூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை அது; நூல்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்குவது. இலக்கியத்துக்கு 800. அதில் அமெரிக்காவுக்கு 810, ஆங்கிலத்துக்கு 820, ஜெர்மனுக்கு 830, பிரெஞ்சுக்கு 840 என்று ஆளுக்கொரு தனி வீடு. 890 என்பது 'மற்ற மொழிகள்'. அதற்குள் 894இல் துருக்கி, ஹங்கேரி, ஃபின்லாந்து மொழிகளோடு திராவிட மொழிகளுக்கும் ஒண்டுக்குடித்தனம். புள்ளி வைத்து இன்னும் மூன்று இலக்கம் தள்ளிப்போனால்தான் தமிழ். சமயத்திலும் இதே கதைதான்: பைபிளுக்கும் கிறிஸ்தவத்துக்கும் 220 தொடங்கி 280கள் வரை, மற்ற எல்லாச் சமயங்களுக்கும் சேர்த்து 290.

டியூயியைத் திட்ட இதை எழுதவில்லை. தான் வேலை பார்த்த அமெரிக்கக் கல்லூரி நூலகத்துக்காக அவர் போட்ட கணக்கு அது. அந்த அலமாரியில் நாம் இல்லை, அதனால் 'மற்றவை' ஆனோம். அடுக்குவது எடுபிடி வேலை என்று நினைத்திருந்தேன். இல்லை, எது பெரிது எது சிறிது என்று ஒருவர் சொல்லும் கருத்து அது.

நம் சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். லண்டனில் படிக்கும்போது ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்க்கிறார். அதே சில துண்டுகளை மாற்றி மாற்றிக் கோத்தால் புதுப்புது உருவங்கள். அறிவையும் இப்படிக் கோக்கலாமே என்று தோன்றியதில் பிறந்ததுதான் 1933இல் வந்த கோலன் பகுப்பு. முன்கூட்டியே அடித்துவைத்த பெட்டிக்குள் நூலைத் திணிக்காமல், நூல் பேசும் பொருளைத் துண்டு துண்டாகப் பிரித்து எண் கட்டுவது. எனக்கு இது பெரிய மரியாதையாகப் படுகிறது.

ஆனாலும் டியூயியின் எண் முதுகிலேயே இருக்கிறது. விதிகள் அச்சில் இருக்கின்றன, திருத்தவும் படுகின்றன. விரும்பும் நூலகம் தன் மொழிக்கே 810ஐக் கொடுத்துக்கொள்ளவும் அந்த முறையிலேயே இடமுண்டு. என் மகள் பள்ளி ப்ராஜெக்ட்டுக்கு செல்போனில் தேடி, மேலே வரும் மூன்றை எடுத்துக்கொள்கிறாள். அதையும் யாரோ ஒரு கணக்கு வைத்துத்தான் அடுக்கியிருக்கிறார்கள். அது ஏன் முதலில் வந்தது என்று நான் யாரிடம் கேட்பது? முதுகுச் சீட்டு எங்கே?

நவம்பரில் நூலக வார விழா வருகிறது. எங்கள் வாசகர் வட்டத்தில், கலைத்துப்போட்ட நூறு புத்தகங்களைப் பிள்ளைகளிடம் கொடுத்து அவர்களையே அடுக்கச் சொல்லப் போகிறோம். எதை 'மற்றவை'யில் வைக்கிறார்கள், ஏன் என்று உட்கார்ந்து கேட்க வேண்டும்.