6,800 ரூபாய்க்கு நான் கிளைம் போட மாட்டேன்

தூணில் உரசிய என் கார் பம்பரின் படத்தை நேற்று போட்டு, இன்ஷூரன்ஸில் கிளைம் போடப் போவதில்லை என்றதற்குக் கீழே "பொழைக்கத் தெரியாதவங்க" என்று எழுதியிருக்கிறீர்களே, எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிளைம் போட மாட்டேன். சோம்பேறித்தனம் இல்லை, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

என் பாலிசியில் சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் முழுசாக 12,000. ஐந்து வருடம் கிளைமே இல்லாததால் நோ கிளைம் போனஸ் 50 சதவீதம் கழிந்து 6,000தான் கட்டுகிறேன். பெயின்ட் பில் 6,800. அதில் நம் கையிலிருந்து கட்டாயம் போட வேண்டிய 1,000 போக வருவது 5,800. அதை வாங்கினால் அடுத்த ரினிவலில் போனஸ் பூஜ்யம். அப்புறம் கிளைம் இல்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் 20, 25, 35, 45 சதவீதம் என்று ஏறி மறுபடி 50ஐத் தொடுவதற்குள் 15,000 கூடுதலாகக் கட்டியிருப்பேன். வருடா வருடம் ஐடிவி, அதாவது பாலிசியில் போடும் கார் மதிப்பு, குறையும், பிரீமியமும் கொஞ்சம் இறங்கும், சரி. இறங்கினாலும் நஷ்டம் எனக்குத்தான்.

"அப்ப எதுக்கு பம்பர் டு பம்பர் எடுத்தீங்க?" என்று ஒருவர். பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் கவர் அது, பெரிய அடிக்கு எடுத்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரியில் தம்பி காருக்குள் சீட்டு வரை தண்ணீர். ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கக்கூட விடாமல் இழுத்துக்கொண்டு போய் கிளைம் போட வைத்ததே நான்தான், பில் லட்சத்தைத் தாண்டியது. இன்ஷூரன்ஸ் அதற்குத்தான். தூணில் உரசிய கோட்டுக்கு இல்லை. போனஸ் போகாமல் இருக்கத் தனி கவர் எடுக்கலாமே என்றால், அதற்கும் காசு கட்ட வேண்டும், நான் எடுக்கவில்லை.

எனக்கு நிஜமாகவே வலித்தது சர்வீஸ் சென்டரில். கதவில் இருக்கும் பழைய கீறலையும் இதே இடியில் ஆனதாக எழுதிக்கொள்ளலாம் என்கிறார் அந்த அட்வைசர். அது பொய், வேண்டாம் என்றேன். "சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க மேடம்" என்றார். ஆர்.சி. என் பேரில் இருக்கிறது, அறுபது மாதம் இ.எம்.ஐ. கட்டியது நான், முடிவெடுக்க மட்டும் சார் வேண்டுமா? இதைப் படித்துவிட்டு "அவர் நல்லதுக்குத்தானே சொன்னார்" என்று யாராவது வருவீர்கள். நல்லதுக்குச் சொல்கிறவர் போனஸ் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

என் அப்பாவிடமும் இப்படித்தான் யாரோ நல்லதுக்குச் சொன்னார்கள். ரிட்டயர் ஆகி இரண்டாவது வருடம், பின்பக்க லைட் உடைந்ததற்கு 3,200 ரூபாய் கிளைம். அடுத்த ரினிவல் நோட்டீஸ் வந்த அன்று எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் போன பிறகு பாலிசி ஃபைலைத் திறந்தேன். கிழித்த தேதிக் காலண்டர் தாளின் பின்னால் பென்சிலில் போன வருடத் தொகை, இந்த வருடத் தொகை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். வித்தியாசத்தின் கீழே மட்டும் இரண்டு கோடு. அந்த மாசம்தான் வீட்டுக்குப் பேப்பர் வாங்குவதை நிறுத்தினார், கண் வலிக்கிறது என்று சொல்லி.

அந்தத் தாளை என் பாலிசியோடுதான் வைத்திருக்கிறேன்.