மஞ்சப்பையில் பிரியாணி வாசனை

சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு எங்கள் அபார்ட்மென்டில் நான் திருடன் மாதிரி மாடிப்படி இறங்கினேன். லிஃப்டில் போனால் இரண்டாவது மாடி மாமா ஏறுவார், பையைப் பார்ப்பார், என்ன சார் இந்நேரத்துக்கு என்பார். பையில் இருந்தவை: இரண்டு கறுப்பு பிளாஸ்டிக் டப்பா, தயிர்ப்பச்சடிக்கு ஒரு குட்டி டப்பா, கத்தரிக்காய்க்கு இன்னொன்று, வேண்டாம் என்று ஆப்பில் டிக் போட்டும் வந்து சேர்ந்த இரண்டு ஸ்பூன். இதையெல்லாம் நான் மறைத்து எடுத்துப்போனது ஒரு மஞ்சப்பையில். மகள் தாம்பரத்தில் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தாள், ஞாயிறு காலைதான் வருவாள், அதற்குள் தடயம் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் திட்டம்.

பதினோரு வயசுப் பெண்ணுக்கு அப்பன் ஏன் இப்படிப் பயப்பட வேண்டும் என்று கேட்பீர்கள். ஆரம்பித்து வைத்ததே நான்தானே.

எங்கள் வீடு மடிப்பாக்கம் பக்கம். பெருங்குடி குப்பைக் கிடங்கு ஒன்றும் அதிக தூரமில்லை. 2022 ஏப்ரல் கடைசியில் அந்தக் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தது, இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கத்திரி தொடங்கப்போகிற வெயிலில் எல்லா ஜன்னலையும் சாத்திக்கொண்டு, ஈரத் துணியைக் கதவடியில் திணித்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். அப்போது மகளுக்கு எட்டு வயசு. "நம்ம வீட்டுக் குப்பையும் அதுல எரியுதாப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. அதே வருஷம் ஜூலையில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு, முக்கியமான ஈரநிலங்களுக்குத் தரப்படும் சர்வதேச ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. உலகமே காக்க வேண்டிய இடம் என்று சொன்ன ஒன்றின் ஓரத்தில்தான் நாங்கள் தின்ற முருங்கைக்காய்ச் சக்கையும் நாங்கள் கழற்றிப்போட்ட டயப்பரும் மலையாகக் கிடந்தன. இனி நம் வீட்டுக் குப்பையைக் குறைப்பது என்று அந்த வாரம் நான் ஒரு சபதம் எடுத்தேன். எல்லோரும் கேட்கிற மாதிரி, சாப்பாட்டு மேஜையில், சத்தமாக.

முதலில் பானை. மூன்றடுக்கு மண்பானை வாங்கி பால்கனியில் வைத்து, காய்கறித் தோல், டீத்தூள், வாடிய பூ எல்லாம் அதில் போட்டு, மேலே தேங்காய் நார்த்தூள் தூவி, புளித்த மோர் தெளித்தால் இரண்டு மாசத்தில் உரம் என்றார்கள். மூன்றாவது வாரம் புழு வந்தது. கொஞ்ச நஞ்சமில்லை, ஒரு கூட்டமே பானை விளிம்பில் ஏறி பக்கத்து வீட்டு பால்கனிக்குப் பயணம் போனது. அது கெட்ட புழு இல்லை, சக்கையைத் தின்று சீக்கிரம் மட்க வைக்கிற ஈயின் புழுதான், ஈரம் அதிகமானால் வரும், காய்ந்த இலை போட்டால் அடங்கும் என்பதையெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டோம். பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் இந்த அறிவியலை விளக்குவதற்குத் தனி தைரியம் வேண்டியிருந்தது. இப்போது அவர்கள் வீட்டுச் செம்பருத்திக்கு எங்கள் உரம்தான் போகிறது, அது வேறு கதை.

அப்புறம் தூக்குவாளி. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை, சாப்பாடு கட்டுகிற பிளாஸ்டிக் தாளும் அதில் அடக்கம். நான் தூக்கை எடுத்துக்கொண்டு டிபன் கடைக்குப் போனால், கடைக்காரர் ஏற்கெனவே கவரில் ஊற்றி நூல் சுற்றி வைத்திருந்த சாம்பாரை எடுத்து, அதைக் கத்தரித்து என் தூக்கில் ஊற்றிவிட்டு, காலி கவரைக் கீழே போட்டார். "அளவு தெரியணும்ல சார்." அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன், காலை எட்டு மணிக் கூட்டத்தில் எனக்காக கரண்டிக் கணக்கு போட அவருக்கு எங்கே நேரம். நான் மட்டும் உலகத்தைக் காப்பாற்றிய முகத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

சரி, பெரிய தப்புகளுக்கு வருகிறேன். 2020 முதல் வரும் வீட்டு ஏசிகள் ஆன் செய்தால் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. எங்கள் வீட்டு ஏசியும் ஒழுங்காக 24-ல்தான் தொடங்குகிறது. மே மாசத்தில் அதை 20-க்கு இறக்குகிற விரல் என்னுடையது, அதுவும் எல்லோரும் தூங்கிய பிறகு. இரண்டு மாசக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும், அந்த பில்லைப் பார்த்து வருத்தப்படுவதை சுற்றுச்சூழல் அக்கறை என்று நான் பல தடவை தவறாக நினைத்திருக்கிறேன். போன வருஷம் மச்சினன் கல்யாணம் டெல்லியில். ரயில் என்றால் போக மட்டுமே ஒரு நாளுக்கு மேல், லீவு கிடையாது, மூன்று பேரும் விமானத்தில் போய் விமானத்தில் வந்தோம். விமானத்தில் கொடுத்த பேப்பர் கப்பை மகள் வேண்டாம் என்று சொல்லி, தன் எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் குடித்தாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பூசணிக்காய் போன இடம் தெரியாது, கடுகு போன இடத்தை ஆராய்வார் என்று எங்கள் அம்மா சொல்வது சட்டென்று காதில் விழுந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை.

எதைத் தப்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், கரண்ட் இல்லை. யாரோ பிள்ளைகள் தண்ணீரில் நடந்து வந்து கவரில் கட்டிய தக்காளி சாதமும் பாட்டில் தண்ணீரும் கொடுத்தார்கள். அன்றைக்கு பிளாஸ்டிக்கைப் பார்த்து முகம் சுளித்திருந்தால் நான் மனுஷனே இல்லை.

இந்தப் பதிவை எழுத வைத்தது பிரியாணிகூட இல்லை, என் மனைவி சொன்ன ஒரு வாக்கியம். போன மாசம் இந்த உரப் பானையைப் போட்டோ எடுத்து இங்கே ஒரு பதிவு போட்டேன், இருநூற்றுச் சொச்சம் லைக். அன்று சாயங்காலம் அவள் பேங்க்கிலிருந்து வந்து, பையை வைத்துவிட்டு, பால் கவர்களைக் கழுவி கொடியில் கிளிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "சபதம் எடுத்தது நீங்க. கவர் கழுவுறது நான். புழு பொறுக்குறது நான். பெருமையா போஸ்ட் போடுறது மறுபடியும் நீங்க."

எனக்கு வாய் அடைத்துப்போனது. உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். துணிப்பைகளை யார் துவைக்கிறார்கள்? ஆர்ஓ மெஷின் வெளியேற்றுகிற தண்ணீரை வாளியில் பிடித்து யார் வீடு துடைக்கிறார்கள்? இரண்டு நாளைக்கு ஒருமுறை பானையை யார் கிளறுகிறார்கள்? நாப்கினுக்குப் பதிலாகத் துணி வைக்கலாமே என்று ஒரு லிங்க்கை வாட்ஸப்பில் அவளுக்கு அனுப்பியவனும் நான்தான், அந்தத் துணியை யார் அலசி எங்கே காயப்போடுவது என்று ஒரு நிமிஷம்கூட நினைக்காமல். அவள் அதற்கு பதிலே அனுப்பவில்லை. இன்றுவரை அந்த நீல டிக் இரண்டும் அப்படியே இருக்கின்றன.

அதனால்தான் "நம் பாட்டிகள் அன்றே பசுமையாக வாழ்ந்தார்கள்" என்கிற பதிவுகளைப் பார்த்தால் இப்போது எனக்கு எரிச்சல் வருகிறது. வாழ்ந்தார்கள், யார் இல்லை என்றது? என் அம்மா பால் கவரைச் சேர்த்து மாசக் கடைசியில் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடுவாள். பாட்டி சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துத்தான் பித்தளை அண்டா தேய்ப்பாள், பழைய வேட்டி கரித்துணியாகி, நைந்து திரியாகி, எரிந்துதான் தீரும். ஆனால் முற்றத்தில் குத்தவைத்து அந்த அண்டாவைத் தேய்த்த இடுப்பு என்ன ஆனது என்று எந்தப் பதிவிலும் நான் பார்த்ததில்லை. தாத்தா ஒருநாள்கூடத் தேய்த்ததில்லை. அதனால்தான் அவருக்கு அந்த வாழ்க்கை அவ்வளவு அழகாகத் தெரிந்தது. ஒரு வீடு பச்சையாக மாற வேண்டும் என்றால் அங்கே வேலை கூடும், அந்த வேலை யார் தலையில் விழுகிறது என்று கேட்காத எந்தச் சபதமும் வெறும் அதிகாரம்தான். எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான்.

இப்படி எழுதினால் உடனே சிலர் வருவார்கள், கம்பெனிகளை விட்டுவிட்டு குடும்பத்தை ஏன் குற்றவாளி ஆக்குகிறாய் என்று. பாதி நியாயம். எந்தக் கடையிலும் வாங்க முடியாத ஒன்றை வாங்கவில்லை என்று நான் எதற்குக் கூசணும்? பிஸ்கட்டும் சிப்ஸும் பளபளக்கிற பாக்கெட்டில்தான் வருகின்றன, அதை எடைக்கு எடுக்க எந்த பழைய பேப்பர் கடைக்காரருக்கும் பைத்தியமில்லை. குப்பையைப் பிரித்துக் கொடுத்தாலும் எல்லாம் ஒன்றாகத்தானே போகிறது என்று நானும் அலுத்து, இரண்டு வாரம் ஒரே கவரில் கட்டிக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் பேட்டரி வண்டியில் குப்பை எடுக்க வருகிற அக்கா கையில் துணி சுற்றியிருந்தது. உடைந்த கண்ணாடி. எங்கள் வீட்டுடையதா தெரியாது, கேட்கவும் தைரியமில்லை. "நீங்க முன்னாடி பிரிச்சுக் குடுப்பீங்களே சார், அப்ப கையை விட்டுத் துழாவ வேணாம்" என்றார் சாதாரணமாக. புவி வெப்பம், சதுப்பு நிலம் எல்லாம் கிடக்கட்டும். நான் அன்று முதல் மறுபடி பிரிப்பதற்குக் காரணம் அந்தக் கை.

வீட்டில் இப்போது ஏற்பாடு மாறியிருக்கிறது. பானை என் பொறுப்பு, பால் கவர் என் பொறுப்பு. மூலையைக் கத்தரிக்கும்போது துண்டு தனியாக விழக் கூடாது, விழுந்தால் அது எடைக்கும் போகாது, எங்கேயும் போகாது என்பதை இந்த வயசில் கற்றுக்கொண்டிருக்கிறேன். இருவரும் களைத்துப்போன நாளில் வெளியே வாங்கிச் சாப்பிடலாம் என்பதும் ஏற்பாட்டில் உண்டு. மகளிடம் மட்டும் அந்தப் பகுதியை இன்னும் சொல்லவில்லை, அதனால்தான் சனிக்கிழமை அந்தத் திருட்டு நடை.

ஞாயிறு காலை அவள் வந்தாள். கீரை வாங்கி வரலாம் என்று கொக்கியிலிருந்து மஞ்சப்பையை எடுத்தவள் நின்றாள். பையை மூக்கருகே கொண்டுபோனாள். நான் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

"அப்பா."

"என்னம்மா?"

"பிரியாணி வாங்கினீங்களா?"

டப்பா எத்தனை, ஸ்பூன் எத்தனை என்று கேட்பாள், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பேப்பரை இறக்கினேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"எனக்கு ஏம்ப்பா கொஞ்சம்கூட எடுத்து வைக்கல?"