பொன்னாடை போர்த்திவிட்டுக் கேட்ட கேள்வி

ஞாயிற்றுக்கிழமை மாலை மண்டபத்தில் நடந்ததை உங்களில் பலர் அந்தச் சிறு ஒளிப்பதிவில் பார்த்திருப்பீர்கள். ஆகவே தலைமை விருந்தினர் யார், எந்த மண்டபம், அவருக்கு என்ன பதவி என்ற விவரங்களுக்குள் நான் போகவில்லை. பெயரைச் சொல்லி அவரை இன்னும் பெரிய மனிதராக்க எனக்கு விருப்பமும் இல்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் டென்னிஸ் ஆடிக் கோப்பை கோப்பையாகக் கொண்டுவந்த எங்கள் ஊர்ப் பெண்ணை மேடைக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி, கேடயத்தைக் கையில் கொடுத்துவிட்டு, மைக்கை வாங்கி அவர் கேட்டார்: "இவ்வளவு ஆடி என்னம்மா ஆச்சு, கடைசியில் வங்கி வேலைதானே?" மண்டபம் சிரித்தது. அவளும் சிரித்தாள். மூன்று நாட்களாக எனக்கு மறக்காமல் இருப்பது அவளுடைய அந்தச் சிரிப்புத்தான். (பின்னால் கட்டியிருந்த ஃபிளெக்ஸில் இறகுப்பந்தின் படம் போட்டிருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அச்சகத்தாருக்கு எல்லாம் ஒரே மட்டைதான்.)

கல்லூரியோடு நின்ற ஆட்டம் தோற்றுப்போன ஆட்டம் அல்ல. இதை நிதானமாகச் சொல்லத்தான் இரண்டு நாள் பொறுத்திருந்து எழுதுகிறேன்.

அவள் ஒன்பது வயதில் மட்டை பிடித்தது எங்கள் ஊர்ப் பழைய கிளப்பின் செம்மண் கோர்ட்டில். கோடுகளை அவளுடைய அப்பாவே காலையில் சுண்ணாம்புத் தூள் போட்டு இழுப்பார். பிறகுதான் கடை திறக்கப் போவார். செம்மண்ணில் பந்து மெதுவாக எழும்பும், சறுக்கிக்கொண்டே போய் எடுக்கலாம். அந்தப் பழக்கத்தோடு சென்னையில் கடினத் தளத்தில் ஆடப்போனவளுக்குப் பந்து நினைத்ததற்கு முன்பே வந்து நின்றது, சறுக்கப்போன கால் மடங்கியது. முதல் போட்டியில் 6-0, 6-1 என்று தோற்று, அன்றிரவே பேருந்தில் திரும்பி, மறுநாள் கணக்குத் தேர்வு எழுதினாள். அதன் பிறகு நான்கு ஆண்டுகள், பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர், பதினான்கு, பதினாறு என்று அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் தரவரிசைப் புள்ளிகளுக்காக மதுரை, திருச்சி, கோவை, சென்னை என அலைந்தார்கள். பல்லவன் எக்ஸ்பிரஸில் விடியற்காலையில் ஏறும் இருவரையும், அவள் தோளில் மட்டைப் பையையும், அப்பாவின் கையில் புளிச்சாதத் தூக்கையும் நானே பலமுறை பார்த்திருக்கிறேன். சென்னை ஓபன் சர்வதேசப் போட்டியில் சுவிஸ் வீரர் வாவ்ரிங்கா 2014 முதல் 2016 வரை தொடர்ந்து மூன்று முறை வென்றாரே, அதில் ஓர் ஆண்டு அவளுடைய அப்பா அவளை நுங்கம்பாக்கம் மைதானத்துக்கு அழைத்துப்போய் மேல் வரிசையில் உட்கார வைத்தார். திரும்பி வந்து ஒரு வருடம் வாவ்ரிங்காவைப் போலவே ஒற்றைக் கையில் பேக்ஹேண்ட் (புறங்கை வீச்சு) ஆடிப் பயிற்சியாளரிடம் திட்டு வாங்கினாள். பள்ளியில் மாநில அணி, கல்லூரியில் முதல் ஆண்டிலேயே பல்கலைக்கழக அணி, கடைசி ஆண்டில் அணித்தலைவி. இதற்குப் பிறகும் ஒருவர் "என்ன ஆச்சு" என்று கேட்கிறார்.

சரி, என்ன ஆகியிருக்க வேண்டும்? விம்பிள்டனா? 1951இல் பள்ளி மாணவராக இருந்தபோதே சிறப்பு அனுமதி பெற்றுக் கல்லூரி மாணவர்களுக்கான பெர்ட்ரம் போட்டியில் ஆடி வென்றவர் நம் நாட்டு ராமநாதன் கிருஷ்ணன். 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டம். 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதி. முதல் முறை நீல் ஃபிரேசரிடம் தோற்றார், மறுமுறை ராட் லேவரிடம் தோற்றார், அந்தந்த ஆண்டுப் பட்டம் அந்த இருவருக்கே போனது. நம்முடைய தலைமை விருந்தினர் வைத்திருக்கும் அளவுகோலின்படி கிருஷ்ணனும் கடைசி வரை போகாதவர்தானே? அவரையும் மேடைக்கு அழைத்து, "அரையிறுதி வரை போய் என்னய்யா ஆச்சு?" என்று கேட்பாரா?

இந்திய வீரர் சோம்தேவ் தேவ்வர்மன் கல்லூரியில் ஆடித்தானே மேலே போனார் என்று ஒரு நண்பர் நேற்றே உள்பெட்டியில் எழுதிவிட்டார். போனார். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 இரண்டு ஆண்டுகளிலும் அந்நாட்டுக் கல்லூரிகளுக்கிடையிலான ஒற்றையர் பட்டத்தை வென்றார். 2010 ஆசிய விளையாட்டில் இரண்டு தங்கம் வாங்கினார். அங்கே கல்லூரி அணி என்றால் ஆண்டு முழுவதும் ஆட்டம், உடன் பயிற்சியாளர், காயம் பட்டால் பார்க்க ஆள். இவளுக்குக் கிடைத்தது, போட்டிக்கு முன் சில நாள் முகாம், இரண்டாம் வகுப்புத் தூங்கும் பெட்டியில் பயணம், இரண்டு அளவு பெரிய அணிச் சட்டை. படிப்பு முடிந்து தொழில்முறை ஆட்டத்துக்குப் போவதென்றால், பெண்களுக்கான சர்வதேசப் போட்டிகளில் அடிமட்டத்தில் இருப்பவற்றின் மொத்தப் பரிசுத் தொகையே 15,000 டாலர்; அதை 32 ஒற்றையர் ஆட்டக்காரர்களும் இரட்டையர் அணிகளும் பங்கிட வேண்டும். முதல் சுற்றில் தோற்றவருக்கு வரும் தொகை பயணச் செலவுக்கே காணாது. இரண்டு ஆண்டு இப்படிப் போய்வர ஒரு வீட்டை விற்க வேண்டும். அவள் அப்பாவிடம் இருப்பது ஒரு வீடு, அதிலும் மூன்று பங்காளிகளுக்குப் பாத்தியதை. கணக்குப் போட்டுப் பார்த்து நிறுத்தியவளைத் தோற்றவள் என்று சொல்லாதீர்கள்.

"வேடிக்கைக்குச் சொன்னதை ஏன் இழுக்கிறீர்கள்?" என்பார்கள். வேடிக்கை என்றால் அவருடைய மகனை மேடைக்கு அழைத்து அவனைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். "நீங்கள் அவள் அப்பாவின் சிநேகிதர், அதனால் பேசுகிறீர்கள்" என்பார்கள். ஆமாம், சிநேகிதன்தான்; சிநேகிதன் பேசாமல் வேறு யார் பேசுவது? "டென்னிஸ் வசதி உள்ள வீட்டு விளையாட்டு, கபடி ஆடும் பிள்ளைகளுக்கு யார் மண்டபம் பிடிக்கிறார்கள்?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அதில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை, ஆனால் இன்றைய பேச்சு அது அல்ல. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: வங்கி வேலை "தானே" என்று சிரித்த அதே மண்டபத்தில், அந்த வங்கி வேலைக்காகவே அவளுக்கு வரன் சொல்லிக்கொண்டு இரண்டு ஆச்சிமார் அவள் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அந்த வேலையும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தது என்று கிசுகிசுக்கிறார்கள். இல்லை, தேர்வு எழுதி வந்தது. ஒதுக்கீட்டில் வந்திருந்தாலும் அது அவள் ஓடி ஓடிச் சம்பாதித்ததுதான்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று எனக்கே தெரிகிறது. எங்கள் ஐயா, அதாவது தாத்தா, மலாயாவிலிருந்து வந்தபோது ஒரு மர மட்டை கொண்டுவந்தார். வளைந்துவிடாமல் இருக்க அதை நான்கு திருகாணி போட்ட சட்டத்துக்குள் பூட்டி வைத்திருப்பார். அந்த மட்டையில்தான் நான் பழகினேன். பத்தாம் வகுப்பில் மாவட்டப் போட்டிக்கு உபரி ஆட்டக்காரனாகத் தேர்வானேன், மூன்றாவது உபரி. அப்பச்சி, அதாவது அப்பா, எதுவும் திட்டவில்லை. "பரீட்சை முடியட்டும்" என்று சொல்லி மட்டையைப் பரணில் வைத்தார். பரீட்சை எப்போதோ முடிந்துவிட்டது, நான் தணிக்கையாளரிடம் கணக்கெழுதி வழுக்கையும் விழுந்துவிட்டது, மட்டை இன்னும் பரணில்தான் இருக்கிறது. என்னை யாரும் மேடையில் "என்ன ஆச்சு" என்று கேட்டதில்லை. கேட்கும் அளவுக்கு நான் ஆடவில்லை. ஆடியவளைத்தான் கேட்கிறார்கள்.

அந்தக் கோர்ட்டும் இப்போது இல்லை. வள்ளல் அழகப்பர் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த வட்டாரம் இது. எங்கள் ஊரில் ஒரு கோர்ட்டை விட்டுவைக்க மனம் வரவில்லை. ஒரு கோர்ட்டுக்கு, ஓடியாட விடும் இடத்தையும் சேர்த்து, 120 அடிக்கு 60 அடி போதும். அதே அளவு இடம் கார் நிறுத்தவும் வசதியாக இருந்ததுதான் வினையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விழா நடந்த மண்டபத்தின் வண்டி நிறுத்தம்தான் அந்தச் செம்மண் கோர்ட், இப்போது சிமெண்ட் கல் பாவியிருக்கிறார்கள். தலைமை விருந்தினரின் வெள்ளைக் கார் நின்ற இடம் ஏறக்குறைய பேஸ்லைன், கோர்ட்டின் கடைசிக் கோடு. அவள் முதல் செர்வ் போட்ட பக்கம்.

இதை எழுதப்போகிறேன் என்று நேற்று அவளிடம் சொன்னேன். "வேண்டாம் சித்தப்பா, அவருக்குக் கணக்கு எங்கள் கிளையில்தான் இருக்கிறது, வியாழக்கிழமை நகைக்கடன் புதுப்பிக்க வருவார்" என்றாள். எழுதிவிட்டேன். வரட்டும். வந்து டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் உட்காரட்டும்.