ஒரு பக்கத்துக்கு 20 நாளா? ஆகட்டுமே!

கலரிங் புக் வாங்கி மூன்று மாதமாகியும் நாலு பக்கம்தான் முடிந்திருக்கிறது என்று மனம் சோர்ந்து போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாலு பக்கம் குறைவே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மண்டலா படத்தில் (வட்டத்துக்குள் அடுக்கடுக்காக வரைந்த பூக்கோலம் போன்றது) 40 இதழ்கள், இதழுக்குப் பதினைந்து நிமிடம் என்றால் 10 மணி நேரம். தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் 20 நாள். அரை நிமிட வீடியோவில் ஒரு பூவை முழுக்கத் தீட்டி முடிப்பது, வீடியோவின் வேகத்தைக் கூட்டியதால்தான். அதைப் பார்த்து உங்கள் கையை எடை போடாதீர்கள்.

கலர் பென்சில் மெதுவாகத்தான் வேலை செய்யும். காரணம் தாளில் இருக்கிறது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் தாளில் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. முதல் தடவை தீட்டும்போது நிறம் மேடுகளில் மட்டும் ஒட்டும். பள்ளங்கள் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். அந்த வெள்ளையை மறைக்கும் அவசரத்தில்தான் கை அழுத்த ஆரம்பிக்கிறது. அழுத்தினால் மேடு நசுங்கும், பள்ளத்தைப் பென்சிலில் உள்ள மெழுகு அடைத்துவிடும். அதற்குமேல் எந்த நிறத்தை வைத்தாலும் வழுக்கிக்கொண்டு போகும். நிழல் ஏறாது, திருத்தவும் வழியில்லை.

பென்சிலை முனையிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். அழுத்தம் தானாகக் குறையும். முனை கூராக இருக்கட்டும், கூர்தான் பள்ளத்துக்குள் இறங்கும். சின்னச் சின்ன வட்டங்களாகத் தீட்டினால் கோடு விழாது. வெளிர் நிறத்தை இதழ் முழுக்க, நடு நிறத்தைப் பாதிவரை, அடர் நிறத்தை அடியில் மட்டும், பிறகு மறுபடி வெளிர் நிறத்தை எல்லாவற்றின் மேலும். இப்படி ஐந்தாறு அடுக்கு ஏறியபின்தான் வெள்ளையையோ வெளிர் நிறத்தையோ வைத்து அழுத்தித் தேய்க்க வேண்டும். பர்னிஷிங் என்பது அதைத்தான். இதை முதலிலேயே செய்துவிடுவதுதான் புதிதாக வருகிறவர்களின் பெரிய தவறு. நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், நிறம் செத்துவிடும். சிவப்பு இதழின் அடியில் அடர் பச்சையை ஒரே ஒரு மெல்லிய அடுக்கு வைத்துப் பாருங்கள், எவ்வளவு ஆழம் வருகிறதென்று!

சில விஷயங்களுக்கு உங்கள் கை பொறுப்பே இல்லை. முடித்துச் சில நாளில் அடர் நிறங்களின் மேல் வெண்படலம் படர்ந்தால், அது பென்சிலில் உள்ள மெழுகு மேலே வருவது. மென்மையான துணியால் லேசாகத் துடைத்தால் போய்விடும். சீவச் சீவ முனை உடைந்தால் பென்சில் எப்போதோ கீழே விழுந்து உள்ளே விரிசல் விட்டிருக்கலாம், அல்லது ஷார்ப்னர் பிளேடு மழுங்கியிருக்கும். தவறான இடத்தில் நிறம் பட்டால் ரப்பர் போட்டுத் தேய்க்காமல், மாஸ்கிங் டேப்பை மெல்ல ஒற்றி எடுங்கள். உள்ளங்கைக்கு அடியில் ஒரு வெற்றுத் தாள் இருந்தால் நிறம் ஈஷாது.

முன்னேற்றத்தைப் பக்க எண்ணிக்கையில் தேடாதீர்கள். ஒரே படத்தில் முதலில் தீட்டிய இதழையும் கடைசி இதழையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். அடர் நிறம் வெளிர் நிறத்தில் கரையும் இடத்தில் விளிம்பு தெரிகிறதா? கடைசி இதழில் அது மங்கியிருந்தால் முன்னேற்றம்தான். அடுத்து பக்கத்தைத் திருப்பிப் பின்புறத்தை விரலால் தடவுங்கள். அழுத்தித் தீட்டிய இடமெல்லாம் புடைத்திருக்கும். அங்கேயே தேதியை எழுதி வையுங்கள். நாலாவது பக்கத்தின் பின்புறம் முதல் பக்கத்தைவிடச் சமமாக இருந்தால், கை இலகுவாகியிருக்கிறது.