விவசாயிக்குத் தெரியாது என்று யார் சொன்னது?

"காலநிலை மாற்றம் பற்றி விவசாயிகளிடம் விழிப்புணர்வு இல்லை" என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். கேட்கக் கேட்கக் கோபம்தான் வருகிறது. தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கம் போய் ஏதாவது ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பாருங்கள். பருவம் தப்பிவிட்டது என்பதைத் தவிர அங்கே வேறு பேச்சு இருக்காது.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து சம்பா கருகியது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரியிலும் அறுவடைக்கு நின்ற நெல் மழையில் மூழ்கியது. பொங்கல் கழிந்தால் வானம் வெளுத்துவிடும் என்று நம்பித்தானே தலைமுறை தலைமுறையாக நாற்று விட்டார்கள்! சாய்ந்த கதிரைத் தண்ணீரிலிருந்து தூக்கினால் மணியெல்லாம் வெள்ளையாக முளை விட்டிருக்கிறது. மிஞ்சியதை அறுத்துச் சாலையில் கொட்டி, மேகம் கறுத்தால் தார்ப்பாயை மூடி, வெயில் வந்தால் விரித்து, ராத்திரியெல்லாம் காவல் கிடந்து கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, வாங்க முடியாது என்கிறார்கள். தளர்வு கேட்டு டெல்லிக்குக் கடிதம் போய்த் திரும்பும்வரை நெல் காத்திருக்குமா?

"முன்பு போல ராத்திரியில் குளிர்ச்சி இல்லை, பதர் கூடிவிட்டது" என்று பெரியவர்கள் சொல்வதையும் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், இரவு வெப்பம் 1 டிகிரி கூடினால் மகசூல் சுமார் 10 சதவீதம் குறைகிறது என்று 2004இலேயே சொல்லிவிட்டது. இதைச் சாமி குற்றம் என்பவர்களும் விவசாயிகளில் உண்டு. காரணத்தில் அவர்கள் தவறலாம். நடப்பதை அவர்கள் அளவுக்குக் கவனித்தவர்கள் யாருமில்லை.

நகரத்தில் நமக்கோ, தண்ணீர் வடிந்ததும் பேச்சும் வடிந்துவிடுகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியதை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? ஏரி ஆக்கிரமிப்பும் தூர்வாராத கால்வாயும் உண்மைதான். ஆனால் அவற்றைச் சரிசெய்தாலே எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்புகிறோமே, அதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

பயிர்க் காப்பீட்டில் பெரும்பாலும் கிராமத்தின் சராசரி மகசூலை வைத்துத்தான் இழப்பைக் கணக்கிடுகிறார்கள். பள்ளத்து வயல் அழுகிப்போனவருக்கு மேட்டு வயல்காரரின் விளைச்சலே குறுக்கே நிற்கிறது. வயல் வயலாகப் பார்த்து இழப்பீடு கொடுங்கள். விழிப்புணர்வு முகாமுக்குச் செலவிடும் பணத்தில் கொள்முதல் நிலையங்களுக்கு நெல் உலர்த்தும் இயந்திரம் வாங்கி வையுங்கள், அடுத்த தை மாதத்துக்குள்.